ஒளியின் குரல்



கொல்கத்தாவில் பவானிபூர்ப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. மொழிபெயர்ப்பது நமக்குத் தொழில். இன்று நாம் பேசப்போவதும் ஒருவகை மொழிபெயர்ப்பைப் பற்றியதே. ஒளியை ஒலியாக மாற்றும் மொழிபெயர்ப்பு அது.

நம் அண்டை வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கணக்கர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்பார்வையை இழந்தவர், மனைவியார் காலமானபின் தனித்தே வாழ்பவர். ஒருநாள் நம் மகனை அழைத்து, "தம்பி, என் வீட்டில் விளக்கு எரிகிறதா, பார்த்துச் சொல்லப்பா" என்றார். விருந்தினர் எவரோ ஏற்றிவிட்டுப் போன விளக்கு இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் வீணானது சிறிது. இதற்கும் பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்குப் பெருந்துன்பம்.

இத்தகையோர்க்குக் கருவி செய்யும் எண்ணம் புதிதன்று. செலினியத்தின் மின்தடை வெளிச்சத்தில் குறைவதை 1873-இல் வில்லோபி ஸ்மித் என்பார் வெளியிட்டார். அதைக் கொண்டு 1910-களில் ஃபூர்னியே டால்ப் என்பவர், அச்செழுத்தைப் பார்வையற்றோர் செவியால் படிக்க 'ஆப்டோஃபோன்' என்னும் கருவியை இங்கிலாந்தில் அமைத்தார். நம் நகரத்துப் பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுவால் மின்னலைகளை உணரும் கருவி செய்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அத்தாது ஒளியையும் உணரவல்லது.

நமக்கு வேண்டியதோ மிக எளியது. மகனுடன் சுரங்க ரயிலேறிச் சாந்தினிக் கடைத்தெருவுக்குச் சென்றோம். 40106 என்னும் தருக்கச் சில்லு ஒன்று, ஒளியுணர் மின்தடை ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, பியசோ ஒலித்தகடு ஒன்று, 9 வோல்ட் மின்கலம் ஒன்று, பொருள்கள் இவ்வளவே.

இது இயங்கும் விதத்தை வயலுக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடலாம். மின்தேக்கி வயல், ஒளியுணர் மின்தடை மடை. வெளிச்சம் மிகுந்தால் மடை அகலத் திறக்கும். மின்தேக்கி ஒரு மேல்மட்டம்வரை நிறைந்ததும் சில்லு நிலைமாறி அதை வடியச் செய்கிறது. கீழ்மட்டத்தை அடைந்ததும் மறுபடி நிறைக்கிறது. இந்த ஏற்ற இறக்கமே தகட்டில் ஒலியாகிறது. மின்தடை 10,000 ஓம் அளவுக்குக் குறைந்தால் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் அதிர்வுகள் எழும், அது கீச்சுக்குரல். 10 லட்சம் ஓம் ஆனால் நொடிக்குச் சுமார் பத்துத் தட்டல்கள். காரிருளில் கடிகாரம்போல் மெல்லத் தட்டும்.

மின்தடையைச் சில்லின் 1, 2 ஆம் கால்களுக்கிடையே இணைத்தோம். மின்தேக்கியை 1 ஆம் காலுக்கும், தகட்டை 2 ஆம் காலுக்கும் பொருத்தி, அவற்றின் மறுமுனைகளை மின்கலத்தின் எதிர்முனையில் சேர்த்தோம். 14 ஆம் கால் நேர்முனைக்கு; 7 ஆம் கால் எதிர்முனைக்கு.

முதல் நாள் கருவி நெறியின்றிக் கதறிற்று. கை அருகே சென்றாலும் குரல் மாறிற்று. பயன்படுத்தாத உள்வாயில்களை அந்தரத்தில் விட்டிருந்தோம். 3, 5, 9, 11, 13 ஆகிய கால்களையும் எதிர்முனையோடு பிணைத்தபின் அடங்கிற்று. செய்து பார்க்கும் இளைஞர்கள் இதை மறவாதிருப்பார்களாக. வீட்டு மின்சாரத்தோடு இதை ஒருபோதும் இணைக்கலாகாது.

மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் விளக்கைப் போட்டும் அணைத்தும் கேட்டார். பிறகு மேற்குச் சன்னல்பக்கம் திருப்பி நெடுநேரம் அமர்ந்திருந்தார். சுருதி சிறிது சிறிதாக இறங்கிற்று. "பொழுது சாய்கிறது, இல்லையா?" என்றார்.

விளக்கைப் பற்றி அவர் இப்போது யாரையும் கேட்பதில்லை. நம் மகனை அழைப்பது ஊர்க்கதை பேசுவதற்கே. உங்கள் அண்டையிலும் இத்தகையவர் இருக்கக்கூடும், நேயர்களே. ஓர் ஓய்வுநாளின் பாதிப்பொழுது போதும்.