சீட்டில் விட்ட தண்ணீர் திரும்பி வர வேண்டும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் தந்திருக்கிறார். பேங்க் கவுன்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். நேரம் கூடினால் வரிசையில் நிற்கிறவர் சத்தம் போடுவார் என்ற பயம் ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கார் சீட்டும் கார்ப்பெட்டும் கழுவுகிற எக்ஸ்ட்ராக்டர் மெஷின் ஒன்று சங்கத்துக்குப் பொதுவாக வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு. போன கூட்டத்தில் இதை எதிர்த்தவனே நான்தான். “ஆளுக்கு ஒரு வாளியும் பிரஷ்ஷும் போதாதா?” என்று கேட்டது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. எதிர்த்ததற்கும் காரணம் உண்டு, மனசு மாறியதற்கும் காரணம் உண்டு.

2021 நவம்பர் மழை யாருக்கும் மறந்திருக்காது. பழையாறு பொங்கி வயலும் ரோடும் ஒன்றாகிக் கிடந்த வாரம். நம் தெருவில் வந்தது ஆற்று வெள்ளம் இல்லை, ஓடை நிறைந்து ஏறிய தண்ணீர். என் காரில் கால்மிதி மட்டம் வரை வந்துவிட்டு இறங்கியது. அவ்வளவுதானே என்று ஒரு கடையில் விட்டேன். கடைப் பெயர் வேண்டாம். காலையில் விட்டு சாயங்காலம் எடுத்தேன். சீட் பளிச்சென்று இருந்தது, ஷாம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. மூன்றாம் நாள் அந்த வாசனைக்கு அடியில் இருந்து வேறொரு வாசனை கிளம்பியது. அடுத்த வாரம் சீட்டின் தையல் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது.

என் வீட்டுக்காரிக்கு வீசிங் உண்டு. அந்தக் காரில் பார்வதிபுரம் தாண்டுவதற்குள் இருமல் வந்துவிடும். “நான் ஆட்டோவிலேயே போய்க்கிடுகேன், நீங்க உங்க காரை வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டாள். ஏறக்குறைய நான்கு மாசம், ஆஸ்பத்திரிக்கானாலும் கல்யாணத்துக்கானாலும், கார் வீட்டில் நிற்க நாங்கள் ஆட்டோவில் போனோம். துணி சீட்டில் தண்ணீர் விடுவதே தப்பு என்று நான் முடிவு கட்டியது அப்போதுதான். அந்த முடிவு பாதி தப்பு. தண்ணீர் விட்டதில் தப்பில்லை, விட்டதைத் திரும்ப எடுக்காததுதான் தப்பு.

இந்த மெஷின் செய்வது என்ன? உள்ளே இரண்டு தொட்டி, இரண்டு மோட்டார். ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர். சின்னப் பம்பு அதைத் துணிக்குள் பீய்ச்சும். பெரிய மோட்டார் அந்தத் தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சி மற்றத் தொட்டியில் விடும். பீய்ச்சுகிற வேலையை இரண்டு ரூபாய்ப் பம்பு கூடச் செய்துவிடும். காசு கொடுத்து வாங்குவது உறிஞ்சுகிற வேலையைத்தான். விளம்பரத்தில் பீய்ச்சுவதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள், படத்துக்கு அது அழகாக இருக்குமே.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை டேலி பார்ப்பது. போன கூட்டத்துக்குப் பிறகு மூன்று மெஷின்களை இரவலாகவும் வாடகைக்கும் எடுத்துப் பார்த்தேன். அளந்து இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளே விடுவது, ஒரே மாதிரி சீட்டில் வேலையை முடிப்பது, பிறகு அழுக்குத் தொட்டியை அளவு ஜாரில் ஊற்றிப் பார்ப்பது. கைக்கு அடக்கமான வீட்டு மெஷினில் ஒன்றேகால் லிட்டர் திரும்பியது. ஸ்ப்ரேயரால் அடித்துவிட்டு சாதாரண வெட் அண்ட் டிரை வேக்குவத்தால் இழுத்ததில் ஒன்றரை லிட்டர். வாடகைக்கு எடுத்த தொழில்முறை மெஷினில் ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். இது என் கார் ஷெட்டில் பார்த்த கணக்கு, லேபில் பார்த்தது இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். முதல் மெஷினில் முக்கால் லிட்டர் தண்ணீர் ஃபோமுக்குள்ளேயே தங்கிவிட்டது. கேஷ் கவுன்டரில் அத்தனை குறைந்தால் வீட்டுக்குப் போக விடுவார்களா?

ஊரைப் பொறுத்தும் இது மாறும். மதுரையில் முக்கால் லிட்டர் தங்கினால் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். நமக்கு ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை. ஈரம் இல்லாத மாசம் என்று துணிந்து சொல்ல இரண்டு மூன்றுதான் தேறும். காரை முப்பந்தல் காற்றாலைக்கு அடியில் நாலு கதவையும் திறந்து நிறுத்தினால் காயும், அதற்கு அங்கே அனுமதி கிடைக்குமா தெரியவில்லை. அதனால் நம் ஊரில் உறிஞ்சுகிற சக்தியைப் பார்த்துத்தான் மெஷின் எடுக்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? பெட்டியில் வாட்ஸ் என்று பெரிசாகப் போட்டிருக்கும். அது மெஷின் தின்னும் கரண்ட், செய்யும் வேலை இல்லை. கிலோ பாஸ்கல் என்றோ மில்லிபார் என்றோ ஒரு எண் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். அமெரிக்க மெஷினில் ‘வாட்டர் லிஃப்ட்’ என்று இஞ்சில் இருக்கும். 100 இஞ்சு என்றால் ஏறக்குறைய 25 கிலோ பாஸ்கல். தொழில்முறை மெஷின்களில் பெயர் பெற்றது கார்ச்சர் கம்பெனியின் புட்ஸி 10/1. அதற்கு 220 மில்லிபார், அதாவது 22 கிலோ பாஸ்கல் போட்டிருக்கிறார்கள். நேராக நிற்கும் குழாயில் தண்ணீரை ஏழடிக்கு மேல் தூக்கி நிறுத்தும் இழுவை அது. ஆனால் இந்த எண்ணைக் குழாய் வாயை அடைத்து வைத்துத்தான் அளப்பார்கள். வாய் திறந்திருக்கும்போது எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதும் வேண்டும். இழுவை இருந்து காற்றோட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் குழாயில் பாதி வழியில் நின்றுவிடும். இரண்டு எண்ணையும் சொல்லாத கம்பெனியை நான் சந்தேகப்படுவேன். கடையில் ஒரு பழைய குஷனைக் கொண்டுபோய் என் டேலியைப் போட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

தொட்டி அளவும் முக்கியம். அந்த 10/1-இல் நல்ல தண்ணீருக்குப் பத்து லிட்டர், அழுக்குக்கு ஒன்பது. கையடக்க மெஷின்களில் ஒன்றரை லிட்டருக்குள்ளேயே முடிந்துவிடுவது உண்டு. ஒரு காரை முடிப்பதற்குள் குழாயடிக்குப் பத்து நடை நடக்க வேண்டும், என் முட்டிக்கு ஆகாது. உறிஞ்சும் வாய் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கட்டும். வருகிற தண்ணீர் கறுப்பா, தெளிவா என்று அதில் தெரிந்தால்தான் எப்போது நிறுத்துவது என்று தெரியும். வாய் நாலு இஞ்சு அகலம் போதும். அதற்கு மேல் போனால் சீட் இடுக்கில் நுழையாது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருந்து வரும்போது பிஸ்ஸெல் மெஷின் கொண்டு வரட்டுமா என்று மகள் கேட்பாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது தனிச் சுமை. வளைகுடாவில் இருந்து வருவது வோல்ட்டேஜுக்குப் பொருந்தும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் வாஷர் கிழிந்தால் உதிரி எங்கே கிடைக்கும்? சர்வீஸ் நாகர்கோவிலிலேயே உண்டா, திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

நம் வீட்டுக் கறைகள் தனி ரகம். கல்யாண வீட்டில் இருந்து தூக்குவாளியில் வரும் பால் பாயசம் சீட்டில் கொட்டியது என்றால், பதறிப்போய் சுடுதண்ணீர் விடாதீர்கள். பால், முட்டை, ரத்தம் எல்லாம் சூடு பட்டால் துணியில் இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் ஷாம்பு. குளச்சலில் மீன் வாங்கி டிக்கியில் வைத்து, பை ஒழுகிய கதை இங்கே பாதிப் பேருக்கு உண்டு. மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. நம் ஷாம்புவும் பெரும்பாலும் காரம்தான், அதனால் ஷாம்பு மட்டும் போட்டுப் பயனில்லை. தண்ணீர் கலந்த வினிகர் போட்டு, கொஞ்சம் ஊறவிட்டு உறிஞ்சினால் போகும். முதலில் மறைவான ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள், துணியின் சாயம் போகிறதா என்று.

சங்குத்துறைக் கடற்கரைக்குப் போய் நனைந்த துணியோடு பேரப்பிள்ளைகள் ஏறுகிறார்களே, அந்த உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சீட் ஒருபோதும் முழுதாகக் காயாது. நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசி உறிஞ்சுவதுதான் வழி. உப்புக் கசிந்த போர்வெல் தண்ணீரை மெஷினில் ஊற்றினாலும் இதே கதை, பீய்ச்சும் முனையும் அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ விடுங்கள். துணி துவைக்கும் பவுடர் கூடவே கூடாது. நுரை எழும்பி மோட்டாருக்குள் போனால் மெஷின் படுத்துவிடும். நுரை குறைந்த எக்ஸ்ட்ராக்டர் ஷாம்புதான் விட வேண்டும், அதுவும் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம்.

வேலை செய்கிற முறையில் ஒன்றே ஒன்று: ஒரு தடவை பீய்ச்சி இழுத்தால், மூன்று தடவை பீய்ச்சாமல் வெறுமனே இழுக்க வேண்டும். அவசரக்காரர்கள் விடுவது இந்த மூன்றைத்தான். என் காரில் பூசணம் பூத்ததும் இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். மேல்கூரைத் துணியில் மெஷினை வைக்கவே கூடாது, பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அந்தப் பக்கம் பீய்ச்ச வேண்டாம்.

கரண்ட் விஷயம். தொழில்முறை மெஷின் 1250 வாட்ஸ் போலத் தின்னும், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றேகால் யூனிட் சொச்சம். பில் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறோம். ஆர்சிசிபி உள்ள லைனில் 15 ஆம்ப் பிளக்கில்தான் போட வேண்டும். மாடியில் இருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடுகிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு, பெயர் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் வந்த பிறகு என்னைத்தான் கேட்பீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெய்தது போல ஒரு மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒன்று வந்து சீட் வரை தண்ணீர் ஏறினால் இந்த மெஷினால் ஆகாது. சாக்கடை கலந்த தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சுக்குள் போய்விடும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்போது சாவியைத் திருகாமல், போட்டோ எடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முதலில் போன் பண்ணுங்கள். எக்ஸ்ட்ராக்டர் கொட்டியதற்கும் சிந்தியதற்கும் நனைந்ததற்கும் மட்டும்தான்.

சரி, வாங்கலாமா? தனி ஆள் கேட்டால் என் பதில் வேறு. வருஷத்தில் இரண்டு தடவை சீட் கழுவுகிறவர் எக்ஸ்ட்ராக்டர் வாங்க வேண்டாம். நல்ல வெட் அண்ட் டிரை வேக்குவமும் கையால் அடிக்கும் ஸ்ப்ரேயரும் போதும். என் டேலியில் அது சின்ன மெஷினைவிட நன்றாகத்தானே வந்தது? ஸ்டீம் மெஷின் பார்த்தீர்களா என்று ஒரு தம்பி கேட்டார். அது ஈரத்தைக் கொடுக்கும், எடுக்காது. சங்கத்துக்கு என்றால் எட்டோ பத்தோ லிட்டர் தொட்டி உள்ள தொழில்முறை மெஷின் ஒன்று. சின்னதை இரண்டு வாங்கலாம் என்பது என் கணக்கில் நஷ்டம்.

கார் இல்லாதவர் ஏன் காசு தர வேண்டும் என்று கேட்பது நியாயம். அவர் தர வேண்டாம், உபயோகிக்கிறவர் தேய்மானத்துக்கு வாடகை கட்டட்டும். ஆனால் இது சோபாவுக்கும் மெத்தைக்கும் கூட ஆகும். நம் தெருவில் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் மூன்று வீட்டில் இருக்கிறார்கள். வாடகை மெஷினை எடுத்த அன்று அதில் ஒரு வீட்டு மெத்தையைச் சுத்தம் செய்து கொடுத்தேன். அந்த வீட்டு மைனி அழுக்குத் தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மூன்று வீட்டுக்கு மட்டும் வாடகை வாங்கக் கூடாது என்பது என் திருத்தம், மினிட்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மெஷின் வந்தால் நோட்டு நான் வைத்துக்கொள்கிறேன். எடுத்த நேரம், திருப்பிய நேரம், தொட்டி கழுவிக் காய வைத்ததா என்று மூன்று பத்தி. அழுக்குத் தண்ணீரோடு திருப்பித் தருகிறவருக்கு அடுத்த மாசம் கிடையாது. விலைப்பட்டியல் மூன்று கடையில் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள், ஏத்தம்பழ பஜ்ஜி ஆறுவதற்கு முன்னால்.