சயாம் ரயில் பாதையில் மாண்டவர் கணக்கு எங்கே?

(மண்டகப்பட்டில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி பாக்கி என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுவடை முடிந்து ஆறு மாதம் ஆகியும் பாக்கி தராத பண்ணைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கதவை மூடிவிட்டுக் கிராஜுவிட்டியை இழுத்தடிக்கும் ஆலை முதலாளியையும் பார்த்திருக்கிறீர்கள். இன்று நான் பேச வந்தது 1943ம் வருஷத்துக் கூலி பாக்கியைப் பற்றி. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கூலிக்குச் சொந்தக்காரர்கள் உங்கள் பாட்டன்மார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிமார்கள்.

யார் போனார்கள்? ஏன் போனார்கள்?

வெள்ளைக்காரன் காலத்தில் தென்னாற்காடு, வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஏழை ஜனங்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். அன்றைய தென்னாற்காட்டில் சேர்ந்ததுதான் இந்த விழுப்புரமும் திண்டிவனமும். ஊருக்கு ஊர் கங்காணி வந்து ஆள் கட்டினான். முன்பணம் கொடுத்தான். கடன் தொல்லை, பஞ்சம், சாதிக் கொடுமை இவை மூன்றும் பின்னாலிருந்து தள்ள, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்து லயங்களில் போய் விழுந்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938ல்தான் நிறுத்தியது.

1941 டிசம்பர் 8ந் தேதி ஜப்பான் படை மலாயாவில் கோத்தாபாருவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதுவரை "உங்களுக்கு நாங்களே தாய் தகப்பன்" என்று சொல்லிக்கொண்டிருந்த தோட்டத் துரைமார்கள், தொழிலாளியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. வேலை போயிற்று. அரிசி மறைந்தது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று.

அந்தச் சமயத்தில் ஜப்பானியப் படைக்கு ஒரு ரயில் பாதை தேவைப்பட்டது. கடல் வழியாகப் பர்மாவுக்குத் தளவாடம் அனுப்பினால் எதிரியின் கப்பல்கள் மூழ்கடித்தன. ஆகவே, சயாமிலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் பிளந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். 1942 மத்தியில் வேலை தொடங்கிற்று. 1943 அக்டோபர் 17ல் இரு முனைகளும் ஒன்று சேர்ந்தன. பல வருஷ வேலையைப் பதினாறு மாதத்தில் முடித்தார்கள். எப்படி முடித்தார்கள்? மனிதனை எரிபொருளாகப் போட்டு முடித்தார்கள்!

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு யுத்தக் கைதிகள் 60 ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். அவர்களைப் பற்றி உலகம் அறியும்; சினிமாவே வந்திருக்கிறது. ஆனால் பர்மியர், தமிழர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் பேர் வரை அங்கே மண் வெட்டினார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

தினம் ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, முடிந்ததும் வீடு திரும்பலாம் என்று சொல்லி அழைத்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். வராதவனைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து மழையில், சேற்றில், நாள் கணக்காகக் காட்டு வழியே நடத்தினார்கள்.

ஏன் தொழிலாளியே அதிகம் செத்தான்?

யுத்தக் கைதிகளில் 12 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இதுவே பெருங்கொடுமை. ஆனால் ஆசியத் தொழிலாளிகளில் மாண்டவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அதற்கும் மேலே என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

ஒரே காடு, ஒரே மழை, ஒரே வேலை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? கைதிகளிடம் அவர்களுடைய சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு யார் இருந்தார்கள்? சங்கம் இல்லை, வைத்தியன் இல்லை, கேட்பாரில்லை. 1943 மே, ஜூன் மாத மழையில் காலரா வந்தபோது, குடிசை குடிசையாகச் செத்து விழுந்தார்கள். அமைப்பில்லாத தொழிலாளி முதலில் சாகிறான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா, தோழர்களே?

கல்லறைக்கும் பேர்ப்பட்டியல் வேண்டும்

யுத்தம் முடிந்தவுடன், 1945ல், பிரிட்டிஷ் படையின் தேடும் கோஷ்டி ஒன்று அந்தப் பாதை நெடுகப் போயிற்று. கைதிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி மறைத்துவைத்திருந்த குறிப்புகள் இருந்தன. எந்த முகாமில் யார், என்று இறந்தார், எங்கே புதைத்தோம் என்ற குறிப்புகள். அவற்றை வைத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். இன்று காஞ்சனபுரியிலே ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் புல்வெளி நடுவே வரிசையாக இருக்கின்றன.

அதே பாதையில் மாண்ட தமிழனுக்குக் கல்லறை எங்கே? 1990ல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் குவியலாகக் கிடந்தன. பெயரில்லை, ஊரில்லை. 2023ல்தான் அங்கே உள்ள ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்று ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது வருஷம் கழித்து ஒரு கல்!

இந்த ஊர்க் குன்றிலே மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்று ராஜா கல்லில் வெட்டிவைத்தான். ஆயிரத்து நானூறு வருஷமாக அவன் பெயர் நிற்கிறது. உளி பிடித்த ஒருவன் பெயராவது அங்கே இருக்கிறதா? இல்லை. எழுதிவைத்தவன் பெயர் நிற்கும். எழுதாதவன் பெயர் மண்ணாகும்.

யாருக்கு எவ்வளவு கிடைத்தது?

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். கவனமாகக் கேளுங்கள்.

1946ல் பிரிட்டிஷார் அந்தப் பாதையின் சயாம் பகுதியைச் சயாம் சர்க்காருக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு விற்றார்கள். அந்தப் பணம் எதற்குப் போயிற்று? மலாயா முதலிய நாடுகளிலிருந்து ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளம் முதலான சாமான்களுக்கு நஷ்ட ஈடாக! இரும்புக்கு நஷ்ட ஈடு உண்டு. அந்த இரும்பைச் சுமந்து செத்தவனுக்கு இல்லை.

1951ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. அதன்படி பிரிட்டிஷ் யுத்தக் கைதிக்கு 76 பவுன் சொச்சம் கிடைத்தது. 2000ம் வருஷம் நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் உயிரோடிருந்த தன் கைதிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் பவுன் கொடுப்பதாக அறிவித்தது. அது நியாயம். நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளி அந்த ஜாபிதாவில் இல்லை.

இந்திய சர்க்கார் என்ன செய்தது? 1952 ஜூன் 9ல் ஜப்பானோடு தனி ஒப்பந்தம் செய்து, நஷ்ட ஈடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. மலேசிய சர்க்கார் 1967ல் ஜப்பானோடு ஒப்பந்தம் செய்தது. இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புக்கு உதவி. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டார்கள். தோழர்களே, கப்பலில் போன தொழிலாளிக்குப் பதிலாகக் கப்பல் வந்தது! தொழிலாளியின் விதவைக்கு எதுவும் வரவில்லை.

லோட்ஸ் நகரத்துத் தையல்காரர்கள்

"இவ்வளவு காலம் கழித்து என்ன கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் ஐரோப்பாவில் இருக்கிறது.

ஹிட்லரின் நாஜிகள் போலந்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் யூத ஜனங்களை நகரத்தின் ஒரு மூலையில் வேலியடித்து அடைத்தார்கள். அதற்கு 'கெட்டோ' என்று பெயர். போலந்திலே லோட்ஸ் ஒரு பஞ்சாலை நகரம். 1940ல் அங்கே ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரை அடைத்து, ஜெர்மன் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்க வைத்தார்கள். கூலி, கொஞ்சம் ரொட்டியும் கஞ்சியும். 1944ல் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரைக் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள்.

தப்பிப் பிழைத்தவர்கள் வயதானபின், "நாங்களும் வேலை செய்தோம், எங்களுக்கும் பென்ஷன் கொடு" என்று கேட்டார்கள். 1997ல் ஜெர்மன் சமூக நீதிமன்றம் லோட்ஸ் கெட்டோ வேலையும் பென்ஷனுக்குரிய வேலையே என்று ஒப்புக்கொண்டது. 2002ல் சட்டம் வந்தது. சுமார் 70 ஆயிரம் பேர் மனுச் செய்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? நூற்றுக்குத் தொண்ணூறு மனுக்களுக்கு மேல் தள்ளுபடி!

ஏன்? "நீ சொந்த இஷ்டத்தில் வேலைக்குப் போனாயா, பிடித்துக்கொண்டு போனார்களா? கூலி வாங்கியதற்கு ருசு எங்கே?" என்று காரியாலயம் கேட்டது. "அந்த ஊரில் கெட்டோ இருந்ததா?" என்ற கேள்வியே பலருடைய மனுவில் தடையாயிற்று. எண்பது வயதுக் கிழவி என்ன ருசு கொடுப்பாள்?

அங்கேதான் ஆராய்ச்சியாளர்களின் வேலை உதவிற்று. எந்த ஊரில் கெட்டோ இருந்தது, எந்த மாதம் வேலியடித்தார்கள், என்ன பட்டறை நடந்தது, கூலி எப்படிக் கொடுத்தார்கள் என்று பழைய ரிஜிஸ்டர்களையும் ரேஷன் சீட்டுகளையும் சாட்சியங்களையும் தேடித் தொகுத்தார்கள். நீதிமன்றங்களில் வந்து எடுத்துச் சொன்னார்கள். நியாயம் உள்ள நீதிபதி ஒருவர் இஸ்ரேலுக்கே நேரில் போய் முதியவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டார். 2009ல் மேல் நீதிமன்றம் பழைய தீர்ப்புகளை மாற்றியது. சாப்பாடு கொடுத்ததும் கூலியே என்றது. தள்ளுபடியான மனுக்களைத் திரும்ப எடுத்தார்கள். பல்லாயிரம் பேருக்குப் பென்ஷன் வந்தது. 2014ல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலுள்ள பாக்கிக்கும் வழி செய்தார்கள். அமெரிக்காவிலுள்ள ஒரு காட்சிசாலை 2012ல் வெளியிட்ட தொகுதியில் மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட கெட்டோக்களின் விவரம் இருக்கிறது.

இதில் நமக்குள்ள பாடம் இரண்டு. ஒன்று, சட்டம் வந்தால் மட்டும் போதாது. ருசு தயாராக இருக்கவேண்டும். இரண்டு, வயதானவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தள்ளுபடி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இறந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

ஒப்பந்தம் போட்டாயிற்று, கதவு மூடியாயிற்று என்கிறார்கள். கொரியாவிலும் 1965ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் 2018 அக்டோபர் 30ல் தென் கொரிய உச்ச நீதிமன்றம், ஜப்பானிய எஃகுக் கம்பெனி ஒன்று நான்கு தொழிலாளிகளுக்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நால்வரில் உயிரோடிருந்தவர் ஒருவர்தான். ராஜ்யங்கள் கையெழுத்துப் போட்டதால் தொழிலாளியின் உரிமை அழிந்துவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நாம் செய்யவேண்டியது

நமக்கு இன்று எந்தச் சட்டமும் கையில் இல்லை. நாளைக்கே பணம் வரும் என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். "மனு எழுதித் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் கொடு" என்று எவனாவது வந்தால் விரட்டுங்கள். ஆனால் கணக்கு எழுதுவதை யாரும் தடுக்க முடியாது.

மலேசியாவில் நம் ஜனங்கள் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். உயிர் பிழைத்து வந்தவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். ஆனால் அங்கே இருப்பது பாதிக் கணக்கு. அவன் எந்த ஊரிலிருந்து போனான், இங்கே யாரை விட்டுவிட்டுப் போனான் என்ற மீதிப் பாதி நம் ஜில்லாக்களில், நம் வீட்டுப் பரண்களில் கிடக்கிறது.

சுற்று வட்டாரத்தில் நான் விசாரித்தபோது பல வீடுகளில் ஒரே பதில்தான் கிடைத்தது: "பெரியப்பா மலாயாவுக்குப் போனார், சண்டைக்குப் பிறகு கடுதாசி இல்லை." திதி தெரியாததால் அமாவாசையில் படையல் போடுகிறார்கள். செத்தானா, இருக்கிறானா என்று தெரியாமல் சாகும்வரை பூவும் பொட்டும் வைத்திருந்த பெண்களும் உண்டு. ஊரார் அதற்கு ஆயிரம் சொன்னார்கள். அந்தப் பெண்களுக்குச் சர்க்கார் ஒரு வரிச் செய்தியாவது அனுப்பியதா?

ஆகவே, ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடவேண்டும். போனவர் பெயர், தகப்பன் பெயர், தெரு, எந்த வருஷம் போனார், எந்தத் தோட்டம், கடைசிக் கடுதாசி எப்போது — இவ்வளவையும் எழுதவேண்டும். சொல்கிறவர் பெயரையும் தேதியையும் போட்டு, அவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஒரு பொய் கலந்தால் நூறு மெய்யும் கெடும். பழைய கடுதாசி, மணியார்டர் ரசீது, கப்பல் சீட்டு, போட்டோ எது இருந்தாலும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அசலை வீட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பையன்களும் பெண்களும் இந்த மாதமே இதைத் தொடங்கவேண்டும். அன்று பத்து வயதுப் பிள்ளையாகத் தகப்பனை வழியனுப்பியவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அவரிடம்தான் முதலில் போகவேண்டும்.

மஸ்டர் ரோலில் பெயர் இல்லாவிட்டால் செய்த வேலைக்குக் கூலி இல்லை என்று நமக்கு நன்றாகத் தெரியும். அந்த மனிதர்களுக்கு மஸ்டர் ரோல் எழுத ஜப்பான்காரனுக்கு மனமில்லை, வெள்ளைக்காரனுக்கு அக்கறையில்லை, நம் சர்க்காருக்கு ஞாபகமில்லை. அதை நாமே எழுதுவோம். கூட்டம் முடிந்ததும் நோட்டுப் புத்தகம் இந்த மேஜையில் இருக்கும். மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.