"எனக்கு என்ன தெரியும்"னு சொல்லாதீங்க!
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடுத்த மாதம் குழுக்களில் புதுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கப் போறோம். "நீங்க பொறுப்புக்கு வாங்கக்கா"ன்னு கூப்பிட்டா, பலரும் சொல்ற பதில், "நான் படிக்காதவ, எனக்கு என்ன தெரியும்?" இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஒரு கணக்கு பார்ப்போம். 12,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டுறோம். கடைசி வரைக்கும் முழுத் தொகைக்கே வட்டி போட்டால் மாதம் 120, மொத்தம் 1,440 ரூபாய். மீதி அசலுக்கு மட்டும் போட்டால் 120, 110, 100 என்று குறைந்து மொத்தம் 780 ரூபாய்தான். வித்தியாசம் 660 ரூபாய்! "அசல் குறைஞ்சா வட்டியும் குறையணும்ல?"ன்னு கேட்கிறதுக்குப் பட்டம் வேண்டாம். சந்தையில் காய் விற்கிற நம்ம அக்காமார் வாயாலேயே சொல்லிடுவாங்க. ஆனா பேங்க் படிவத்தைப் பார்த்ததும் பேனாவை அடுத்தவங்க கையில் கொடுத்துடுறாங்க.

பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுபிள்ளைகளை ஆய்வு செய்து 1985இல் வெளியிட்டாங்க. வாங்க வந்தவங்க போல விலை கேட்டப்போ 100க்கு 98 கணக்கு சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தப்போ 37தான் சரி. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். தாளை மட்டும் பார்த்தவங்க அவங்களை மக்குன்னு சொல்லியிருப்பாங்க. நாமளும் நம்மை அப்படித்தான் எடை போடுறோம்.

பல நாடுகளில் "உங்க அறிவுக்கு எத்தனை மதிப்பெண்?"னு கேட்டிருக்காங்க. சராசரியாக, ஆண்கள் தங்களுக்குக் கூடப் போட்டாங்க, பெண்கள் குறைச்சுப் போட்டாங்க. பெற்றோரும் மகளை விட மகனுக்கே கூடப் போட்டாங்க. வீட்டில் ஆரம்பிக்கிற பழக்கம் இது.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. 1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டன்னிங், குரூகர் என்ற இருவர் மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். கடைசி வரிசையில் வந்தவங்க, தாங்க சராசரிக்கு மேலேன்னு நினைச்சாங்க. தப்பைக் கண்டுபிடிக்கவும் அந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அதனால, "எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு யாராவது சொன்னா, நோட்டை வாங்கிப் பாருங்க.

சகோதரிகளே, மூணு காரியம் செய்வோம். ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவைச் சத்தமாக வாசிக்கணும். எழுதினவங்க ஒருத்தர், கூட்டிப் பார்க்கிறவங்க இன்னொருத்தர்னு இருக்கணும். பொறுப்பு ஒரே ஆளிடம் தங்காமல் சுற்றி வரணும். எழுத்து வராதவங்க பக்கத்தில் எழுதத் தெரிஞ்ச தங்கச்சியை உட்கார வைப்போம். கணக்கை அக்கா சொல்லட்டும், தங்கச்சி எழுதட்டும்.

அடுத்த மாதம் உங்க பேரைச் சொல்லும்போது, "சரி, செஞ்சு பார்க்கிறேன்"னு எழுந்து நில்லுங்க.