பதிவேட்டில் இல்லாத பிள்ளை



எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியப் பிறப்பியல் எண்ணிச் சொல்கிறது. இதழும் மூக்கும் அண்ணமும் அவற்றுள் அடங்கும். அந்த இதழோ அண்ணமோ கருவில் முழுமையாக இணையாதபோது குழந்தை பிளவுடன் பிறக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளுள் ஒன்றுக்கு இந்நிலை உண்டு. அக்குழந்தைகள் யாவர் என்பதையே இன்று காண முற்படுகிறோம்.

உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவோடு சேர்ந்து வரினும் தனித்து வரினும், ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இரு மடங்கு மிகுதி. ஒருபக்கப் பிளவுகளுள் இடப்பக்கத்தனவே கூடுதல். இனவாரியாக நோக்கின், கிழக்காசிய மக்களிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் மிகுந்தும், ஆப்பிரிக்க வழியினரிடம் குறைந்தும் காணப்படுகிறது. அண்ணம் மட்டும் பிளவுபடுதலோ பெண் குழந்தைகளிடம் மிகுதி. இனத்திற்கு இனம் அதில் வேறுபாடு குறைவு.

மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன. ஆயினும், கிரகண வேளையில் தாய் வெளியே வந்தாள் என்று பழி சுமத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. மேலுதடு ஏறத்தாழ ஏழாம் வாரத்திற்குள் இணைந்துவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதையே அப்போதுதான் அறியும் தாய்மார் பலர். அவர்கள்மீது பழி சுமத்துதல் தகுமா?

எண்களைப் படிக்கையில் மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. மருத்துவமனைப் பதிவேடு பிறந்தோரை எண்ணுவதில்லை. நாடி வந்தோரையே எண்ணுகிறது. உதட்டுப்பிளவு பிறந்த அன்றே கண்ணுக்குப் புலப்படும். அண்ணப்பிளவு வாய்க்குள் மறைந்திருக்கும். அதிலும், மேற்படலம் மூடியிருக்க உள்தசை மட்டும் பிளந்திருக்கும் வகை, குழந்தை பேசத் தொடங்கும்வரை எவர் கண்ணிலும் படாமற் போகலாம். பதிவேட்டில் இடம்பெறாத அப்பிள்ளை நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கக்கூடும்.

வல்லினம் பிறக்க, காற்று வாய்க்குள் அடைபட்டு வெளிப்பட வேண்டும். அண்ணம் சரிவர மூடாதபோது அக்காற்று மூக்கின்வழி கசிகிறது. 'பட்டம்' என்பது 'மண்ணம்' போல ஒலிக்கிறது. அதனை நாப்பழக்கமின்மை எனக் கருதி, நாம் மீண்டும் மீண்டும் சொல்லச் செய்கிறோம். பிள்ளையோ நாணிப் பேச்சையே குறைத்துக்கொள்கிறது.

வல்லினமும் மெல்லினமும் பிறக்கும் முறையை அறிந்த நம் செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். ஆகவே, அப்பிள்ளையைத் திருத்துமுன் பெற்றோரிடம் கனிவாகப் பேசுவோம். மருத்துவரிடமும் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் செல்ல வழிகாட்டுவோம். அப்போது பதிவேட்டில் அப்பிள்ளையும் இடம்பெறும். வகுப்பில் அதன் குரலும் கேட்கும்.