ஐயாயிரத்து நாற்பது



எண்ணைப் பற்றிப் பேச வந்தவன் ராமானுஜன் எண்ணான 1729இல்தான் தொடங்குவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்குப் போதுமான மாலைகள் விழுந்துவிட்டன. நான் 5040ஐ எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் எண்ணுக்கு எத்தனை பட்டம் வேண்டுமானாலும் சூட்டலாம். 5040இன் இலக்கங்களைக் கூட்டினால் 9. அது 5040ஐ மீதியில்லாமல் வகுக்கும். ஆகவே தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களில் இதுவும் ஒன்று. ரசிக்கத்தக்க செய்திதான். ஆனால் நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்த பண்பு அது. எப்படி எழுதினாலும் மாறாத பண்புகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒன்றிலிருந்து ஏழு வரை பெருக்கினால் 5040. 7, 8, 9, 10 ஆகிய நான்கை மட்டும் பெருக்கினாலும் அதுவே. ஏழு பொருள்களை இத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம். 13ஆம் நூற்றாண்டில், தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர் தமது சங்கீத ரத்னாகரத்தில் ஏழு ஸ்வரங்களுக்கு இந்தக் கணக்கைத் தருகிறார். தொகையைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. இத்தனையாவது வரிசை எது என்று கேட்டால் ஸ்வரக்கோவையைச் சொல்லவும், கோவையைக் கொடுத்தால் அது எத்தனையாவது என்று சொல்லவும் கண்டமேரு என்ற கட்டம் போட்டுக் காட்டினார். இங்கிலாந்தின் நாரிச் நகரத் தேவாலயம் ஒன்றில் 1715இல் ஏழு மணிகளை அந்த 5040 வரிசைகளிலும் விடாமல் அடித்து முடித்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அக்கம்பக்கத்தாரை நினைத்தால் பாவமாக இருக்கிறது!

பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் தம் நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வகுத்தார். நிலம் பிரிக்க, வரி போட, படை திரட்ட எப்படிப் பங்கிட்டாலும் மீதி வராது என்பது காரணம். 1 முதல் 12 வரை 11 மட்டுமே இதை வகுக்காது. இரண்டு குடும்பங்களைக் கழித்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும் என்றார். சரிதான்: 5038ஐ 11 வகுக்கும்.

5040க்கு மொத்தம் 60 வகுத்திகள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இத்தகைய எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915இல், நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் எழுப்பிய வினா ஒன்றிலும் 5040 வருகிறது. ஒன்று முதல் ஓர் எண் வரை பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், எப்போது முழு வர்க்கம் கிடைக்கும்? 4, 5, 7 ஆகிய மூன்றுக்கும் கிடைக்கிறது. 5041 என்பது 71இன் வர்க்கம். புரோக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் 1876இலேயே கேட்ட வினா இது. நான்காவது விடை இன்னும் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை.

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. 5040இன் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் 19,344. இந்தக் கூட்டுத்தொகைக்கு மடக்கைகளால் ஆன ஒரு வரம்பு இருக்கிறது. 5040க்கு அது ஏறத்தாழ 19,237. ஆக, வரம்பை நம் எண் மீறிவிடுகிறது. 5040க்கு மேலுள்ள எந்த எண்ணும் இந்த வரம்பை எட்டாது என்பதும், 1859இல் ரீமன் முன்வைத்த கருதுகோள் மெய் என்பதும் ஒன்றே என்று 1984இல் கீ ரொபேன் நிறுவினார். எட்டும் எண் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் ரீமன் கருதுகோள் பொய்யாகிவிடும். இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.