ஊற்று யாருடையது?

(லுணுகலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



இம்மேசை மீது எனக்கென ஒரு போத்தல் தண்ணீர் வைத்திருக்கின்றீர்கள். அதன் மேற்கடதாசியில் மலையும் அருவியும் தீட்டப்பட்டிருக்கின்றன. மலையைக் காண நான் சன்னலைத் திறந்தாற் போதும். போத்தலுக்குத்தான் காசு வேண்டும்! (சிரிப்பு)

ஊற்றுநீரை விற்பது குற்றமென்று கூற நான் வரவில்லை. ஊற்று எவருடையது என்பதே என் வினா.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலே பிளாச்சிமடை என்றொரு சிற்றூர். 2000ஆம் ஆண்டில் அங்கே கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. நிலத்தடி நீரை இறைத்து மென்பானமாக்கிப் போத்தல்களில் அடைத்தார்கள். சுற்றுப்புறக் கிணறுகள் வற்றின, எஞ்சிய நீரும் வாயில் வைக்கத் தகாததாயிற்று என மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் ஆலை வாயிலிற் போராட்டம் தொடங்கிற்று. மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி முன்னின்றார். மறு ஆண்டு பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஊராட்சி என்பது நம் பிரதேச சபை போன்றதோர் அமைப்பே. அதற்கு இருந்த துணிவைக் கவனியுங்கள்!

2003 டிசம்பர் 16ஆந் திகதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் தருமகர்த்தா, நிலம் தன்னுடையது என்பதனால் ஒருவன் மட்டின்றி இறைத்தல் ஆகாது எனக் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதியரசர் தீர்த்தார். 2005இல் இரு நீதியரசர் ஆயம் அதனை மாற்றி, நாளொன்றுக்கு 5 இலட்சம் லீற்றர் எடுக்கலாமென்றது. எனினும் 2004 மார்ச்சில் மூடிய ஆலை திறக்கப்படவேயில்லை. நட்டம் 216 கோடி ரூபாவென 2010இல் அரசின் குழு கணித்தது. அதனைப் பெற்றுக்கொடுக்கச் சட்டசபை நிறைவேற்றிய சட்டமூலமோ குடியரசுத் தலைவரின் ஒப்புதலின்றித் திரும்பிற்று.

அயல்நாட்டுக் கதை என்பீராயின் சுன்னாகத்தைப் பாருங்கள். கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆந் திகதி, மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்துமாறு நம் நாட்டு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது.

சுன்னாகத்து விவசாயியிடம் கிணறு இருந்தது, காணி உறுதியும் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கின்றது? தோட்டங்கள் 1992 முதல் கம்பனிகளின் கையில். லயத்தில் வாழ்பவனிடம் உறுதி இல்லை. நாளை ஒருவர் வந்து ஊற்றுக்குக் குழாய் பூட்டினால், தலைமுறை தலைமுறையாகப் பீலியில் நீர் பிடித்தோம் என்பதற்கு எதைக் காட்டுவோம்?

ஆகையால் எழுதுங்கள். எந்தப் பீலி, எந்த ஊற்று, எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு, கோடையில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம். விவசாயி அளக்கட்டும், ஆசிரியர் எழுதட்டும். கிராம உத்தியோகத்தரிடம் ஒப்பம் பெற்று, பிரதி ஒன்றைப் பிரதேச சபையிற் கையளியுங்கள். படிவம் கொண்டுவந்திருக்கின்றேன், கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.