பிள்ளைகள் மனசுக்கு வார்டில் ஆள் வேண்டும்

கும்பளங்கித் தாய்மார்களே, தகப்பன்மார்களே, மட்டாஞ்சேரியிலிருந்தும் ஃபோர்ட் கொச்சி வேளியிலிருந்தும் வந்திருக்கும் எம் தமிழ்ச் சொந்தங்களே!

2022 ஜனவரி 13 அன்று இந்த ஊர் நாட்டுக்கே ஒரு காரியம் செய்து காட்டியது. மாதவிலக்கைப் பற்றி வாய் திறக்கவே கூசும் நாட்டில், 5,000க்கும் மேற்பட்ட மாதவிடாய்க் கோப்பைகளைப் பெண்களிடம் கொடுத்து, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, சானிட்டரி நாப்கின் இல்லாத முதல் ஊராட்சி என்று பெயர் வாங்கியது. அந்த ஊரைப் பார்த்துத்தான் கேட்கிறேன்: பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள நம் பிள்ளைகளின் மனசுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

பதின்மூன்று வயதுப் பையன் பள்ளி விட்டு வந்து பையை வீசுகிறான். சோற்றில் கை வைக்கவில்லை. என்னடா என்றால் எரிந்து விழுகிறான். இறால் ஷெட்டில் பனிக்கட்டித் தண்ணீரில் விரல் மரத்துப்போய் வந்த அம்மா, திமிர் என்று நினைத்துக் கை ஓங்குகிறாள். அவன் உள்ளே என்ன புழுங்குகிறது என்று அவனுக்கே தெரியாது. அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். பீகார் அரசுப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது! பள்ளிப் பிள்ளைகளின் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும், சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களிடமும் கொடுத்தார்கள். சாதாரண ஆட்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர் தலையில் கட்டிய பள்ளிகளில் பலன் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதாலா? பாடம், பரீட்சை, பதிவேடு என்று ஏற்கெனவே முதுகொடிய நிற்பவர்கள் அவர்கள்.

போன் எண் இருக்கிறதே என்கிறார்கள். குழந்தைகள் உதவிக்கு 1098 இருக்கட்டும், மனநல உதவிக்கு 14416 இருக்கட்டும். அந்த எண்கள் வேண்டும். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு அழைக்கிற எண்ணாகவே அவை இருக்கலாமா?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2023இல் இந்த வயதுப் பிள்ளைகளின் மனசுக்காகவே ஒரு கையேடு வெளியிட்டன. பிள்ளைகள் கூடி உட்கார ஏழு அமர்வு, வளர்ப்பவர்களுக்கு மூன்று. நடத்த டாக்டர் தேவையில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள உள்ளூர் ஆள் போதும். பிள்ளை முதலில் தன் உள்ளத்தில் இருப்பது பயமா, கோபமா, வருத்தமா என்று பெயர் சொல்லப் பழகுகிறான். வயிற்றில் கை வைத்து மெல்ல மூச்சு விடுகிறான். மலைபோல் தெரிகிற சிக்கலை உடைத்து, இன்று எதைச் செய்யலாம் என்று பார்க்கிறான். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கவும், நல்லதைக் கண்டால் வாய்விட்டுப் பாராட்டவும், தங்களையும் கவனித்துக்கொள்ளவும் கற்கிறார்கள். இதே அமர்வுகளை ஜோர்டானில் சிரியா அகதிப் பிள்ளைகளிடம் நடத்தியபோது அவர்களின் வருத்தமும் பயமும் குறைந்தன. வளர்ப்பவர்களின் மனவேதனையும் குறைந்தது. போரில் வீடிழந்த குடும்பங்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

இந்த ஊர் பெயரில் 2019இல் வந்த சினிமாவை எல்லோரும் பார்த்தோம். அழ முடியாத அண்ணன், என்னை டாக்டரிடம் கூட்டிப் போ என்று தம்பியிடம் கேட்டு, டாக்டரின் நெஞ்சில் சாய்ந்து அழுகிற இடத்தில் நாமும் அழுதோம். அவன் பன்னிரண்டு வயதில் கேட்டிருக்க வேண்டிய உதவி அது!

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று. நம் பிள்ளை பள்ளியில் மலையாளம் பேசுவான், வீட்டில் தமிழ் பேசுவான். அம்மாவுக்கான அமர்வு மலையாளத்தில் மட்டும் நடந்தால் அவள் வாசலோடு நின்றுவிடுவாள். அவளுக்குத் தமிழ் பேசுகிற ஆள் வேண்டும்.

இன்னொன்றும் கறாராகச் சொல்கிறேன். இதையும் ஆஷா சகோதரிகளின் தோளில் ஏற்றாதீர்கள். 2025 பிப்ரவரியில் அவர்கள் தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்தது மதிப்பூதியம் போதாமல்தான். பெண்களின் உழைப்பைச் சேவை என்று புகழ்ந்துவிட்டுக் காசு கொடுக்காமல் விடுகிற பழக்கம் போதும்.

அடுத்த கிராம சபைக்குத் தீர்மானத்தை எழுதிக் கொண்டுவருகிறேன். வார்டுக்கு இரண்டு பேர், அவர்களுக்கு மாதச் சம்பளம், மேலே ஒரு மனநல நிபுணர், அங்கன்வாடியிலோ குடும்பஸ்ரீ கூடுகிற இடத்திலோ வாரம் ஒரு மாலை. தகப்பன்மாருக்கான அமர்வு, வள்ளம் கரைக்கு வந்த பிறகு. கை தூக்க நீங்கள் வாருங்கள். தகப்பன்மாரே, அன்றைக்கு முன்வரிசையில் உட்காருங்கள்!